கார்த்திகையில் ஓர் அருவி வெட்டு

பயணத்துக்குப் புத்தகம் எடுப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பரந்தன் வரை போகும் பஸ்ஸுக்குச் சிறுகதைகள். கொழும்பு ரயிலுக்குத் தடித்த நாவல். மதவாச்சி தாண்டும்போதே முடிந்துபோகிற புத்தகத்தை வைத்துக்கொண்டு, மிச்சத் தூரம் முழுக்க அடுத்த ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கலியாண வீட்டுக்குப் போனாலும் கைப்பையில் ஒன்று இருக்கும். எங்கள் தர்மபுரத்தில் என்னைப் பற்றி என்ன கதை நடக்கிறதென்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வாசிப்பது எப்போது?

என் கணவர் வாசிக்கிற ஆள் இல்லை. வயல் செய்கிற கமக்காரர். பேப்பரில் மழைச் செய்தியை மட்டும் பார்ப்பார். ஆனால் நான் வாசிக்கும் கதையெல்லாம் அவருக்கு வேண்டும். குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் தேங்காய் துருவத் துருவ, "பிறகு?" என்பார். இந்த வருடம் நான் வாசித்த நாவல் ஒன்றையும் அவர் தொட்டதில்லை. ஆனாலும் அவற்றில் வரும் ஆட்கள் எல்லோரும் அவருக்கு எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிறவர்கள் மாதிரி. கடலோரக் கிராமத்து நாவலொன்றில் தங்கையின் காணியை ஏமாற்றி எழுதி வாங்கிய அண்ணன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார். இன்னொரு நாவல் வெளிநாட்டில் நடப்பது. முந்நூறு பக்கமும் ஒருவன் ஜன்னலடியில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டேயிருப்பான். எனக்கு மிகவும் பிடித்தது. இவர் இரண்டாம் நாளே, "அவனை ஒரு வேலைக்குப் போகச் சொல்லும்" என்று எழும்பிப் போய்விட்டார்.

அவர் மனம் வைத்துக் கேட்டது பழைய காலத்துக் குளத்தடிக் கமக்காரர் ஒருவரைப் பற்றிய பெரிய நாவலைத்தான். எழுதியவருக்கு வயல் தெரிந்திருக்கிறது என்று அவருக்கு அப்படியொரு மரியாதை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது, பன்றிக்குக் காவல் இருப்பது, எல்லாம் சரியாம். கதை பாதியில் நிற்கும்போது இவருக்கு நெஞ்சு நோவு வந்தது. இருதயக் குழாயில் அடைப்பு, யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பை அடுக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. அலுமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். யாராவது சாகிற புத்தகத்தை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். நல்ல நாவல் எழுதுகிறவர்களுக்கு ஆட்களைக் கொல்லாமல் இருக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கடைசியில் ஒரு சமையல் புத்தகமும் ஒரு சிறுவர் கதையும் மிஞ்சின. அப்போது இவர் வந்து, குளத்தடி ஆளின் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். கதை பாதியில் நிற்கிறதாம்.

நான் அதை முன்னமே வாசித்து முடித்துவிட்டேன். அந்த மனிதர் தான் விதைத்த நெல்லை வெட்ட முன்னமே வரம்பில் விழுந்து செத்துப்போவார்.

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் பின்னேரம், நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்தில், கட்டிலில் சாய்ந்திருந்தபடி "பிறகு?" என்றார். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொல்லத் தொடங்கினேன். எப்படியாவது அந்த மனிதரை உயிரோடு கரை சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. புரட்டாதியில் விதைத்தார், நல்ல மழை பெய்தது, கார்த்திகையில் விளைந்த நெல்லை அருவி வெட்டினார், களத்தில் சூடடித்தார், நெல்லை வீட்டுக்கு ஏற்றினார் என்று ஒரே மூச்சில் முடித்தேன்.

இவர் என் முகத்தையே பார்த்தார்.

"கார்த்திகை வெள்ளத்துக்க நிண்டு அருவி வெட்டினவரோ?"

முப்பது வருடமாகக் கமக்காரனின் பெண்சாதி நான். தையில்தான் நெல் விளையும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எழுதின ஆள் அப்படிப் பிழை விடமாட்டார் என்றார். பிறகு, "அவர் செத்துப்போனார், என்ன?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன். அழுவதில்லை என்று வைராக்கியமாக வந்தவள் அழுதுவிட்டேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது என்று சொன்னேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத ஒன்று அது.

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

"தை வரும் மட்டும் அவரைச் சாக விடாதையும். அருவி வெட்டை நான் வந்து கேக்கிறன்."

மறுநாள் காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை மணித்தியாலமும் புத்தகம் மடியிலேயே கிடந்தது. ஒரு வரியும் ஓடவில்லை.

மூன்றாம் நாள்தான் என்னைக் கிட்டப் போக விட்டார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. குரல் எழும்பவில்லை. குனிந்தேன்.

"தை பிறந்திட்டுதோ?" என்றார்.

பிறந்துவிட்டது, நல்ல வெயில், குளத்தடி ஆள் நேற்றுத்தான் வெட்டி முடித்தவர் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். ஏக்கருக்கு எத்தனை மூடை என்று கேட்டார்.

எங்கள் வயலில் ஒருநாளும் விளையாத ஒரு கணக்கைச் சொன்னேன். அவர் பிழை பிடிக்கவில்லை.