மந்திரி ஆகாத சிப்பாய்

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் மோட்டார் ஓட்டும் அந்தோணிராஜுக்குச் செஸ் பைத்தியம். அதிலும் முழு ஆட்டம் பிடிக்காது. காய்கள் முக்கால்வாசி வெட்டுப்பட்டு, நாலைந்து மட்டும் மிஞ்சி நிற்கும் கடைசிக் கட்டம்தான் அவருக்கு உயிர். 'இதிலிருந்து வெள்ளை எப்படி ஜெயிக்கும்?' என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சோறு ஆறிப்போகும்.

"அந்த ராஜா வந்து குழம்பு ஊத்துவாரா?" என்பாள் மனைவி ஆரோக்கியசெல்வி.

அவளுக்கென்று உருப்படியாக எதுவும் செய்ததில்லை என்ற குறை அவருக்கு உண்டு. 2005 மழைக்காலத்தில் அளத்தில் வேலை நின்றதும், சொந்தமாக ஒரு புதிர் கட்ட உட்கார்ந்தார். "இதுக்கு உன் பேருதான் செல்வி" என்று வாயை விட்டுவிட்டார். அவளும் சும்மா இருந்தாளா? தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மழை விட்டபின் பாண்டிச்சேரியில் ஒரு போட்டி. அதை நடத்திய தட்சணாமூர்த்தியிடம் தன் புதிரை ஆசையாக அடுக்கிக் காட்டினார். வெள்ளைச் சிப்பாய் எதிர்ப்பக்கக் கடைசி வரிசையைத் தொட்டுக் குதிரையாகி ஜெயிக்கும்.

"ஏண்ணே குதிரை? மந்திரியா, அதான் ராணியா எடுத்தா உடனே ஜெயிச்சிடலாமே."

"குதிரை நின்ன கட்டத்துக்குப் போனா குதிரைதானேங்க ஆவும்?"

"அது ஊர்ல ஆடறதுண்ணே. போட்டியில நம்ம இஷ்டம்."

அடக் கடவுளே! மாசக்கணக்கான பாடு ஒரு பேச்சில் கரைந்துபோனது. பஸ்ஸில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புதிர் போனால் போகட்டும், செல்வி முகத்தில் எப்படி முழிப்பது?

"மந்திரி ஆவலாம்னா எவன் குதிரை ஆவான்? உன் பேர்ல வச்சது வீணாப்போச்சு" என்றார் வீட்டுக்கு வந்து.

அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "ஏன், அளத்துல என்னை மேஸ்திரி ஆக்கறேன்னாங்க, நான் வேணாம்னு சொல்லல? மேஸ்திரி ஆயிட்டா கூட வேலை செய்யறதுங்க எல்லாம் நம்மளப் பாத்து அசையாம நின்னுடுதுங்க. அப்புறம் வேலை எங்க நடக்கும்?"

அந்தோணிராஜ் நிமிர்ந்தார். அசையாமல் நிற்பதா! செக்கும் இல்லாமல், நகர இடமும் இல்லாமல் எதிரி நின்றுவிட்டால் ஆட்டம் டிராதானே? அப்போதே பலகையை விரித்தார். கறுப்பு ராஜாவை மூலைக்குத் தள்ளினார்.

அடுத்த வருஷக் கடைசியில் மறுபடியும் பாண்டிச்சேரி போனார், செல்வியையும் கூட்டிக்கொண்டு. தட்சணாமூர்த்தி சிப்பாயை மந்திரியாக்கினார். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. டிரா. வேறென்ன ஆக்கினாலும் சரிவரவில்லை. குதிரையாக்கினார், வெள்ளை ஜெயித்தது.

"பிரமாதம்ணே! இதுக்கு இன்னா பேரு?"

"ஆரோக்கியசெல்வி" என்றார்.

கல்யாணப் புடவையில் நின்றிருந்தவளுக்குப் பலகையில் ஒன்றும் புரியவில்லை. அவர் காதோரம் குனிந்தாள்.

"அது மந்திரி ஆவலையா?"

"வேணாம்னு சொல்லிடுச்சு. உன்ன மாதிரியே."