ஐஸில் வைக்கக்கூடாத குழாய்

காலை ஏழு மணிக்குக் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு மனசு சரியில்லை. உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஆட்டோவில் உள்ளே ஒரு கிராமம். பேர் வேண்டாம், ஏற்கெனவே பட்டது போதும்.

"அந்த ஊருக்கா சார்? தண்ணி மட்டும் குடிச்சிராதீங்க," என்றார் ஆட்டோக்காரர்.

அங்கே காலரா. ஊருக்குள் ஏழெட்டுப் பேருக்கு. ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பில் கன்னியம்மா என்பவரின் புருஷனுக்கு மட்டும். இருந்தும் இருளர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் முடிவுகட்டி, அவர்களைக் கைப்பம்பு பக்கமே விடவில்லை. இரண்டு பக்கத்து நோயாளிகளின் மலத்தையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்துக் குழாயில் போட்டு சென்னை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டால் ஒரே வகையா, வேறா என்று தெரிந்துவிடும்.

"ஒரே வகைன்னாலும் யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்ததுன்னு அது சொல்லாது. பம்பைத் தொட்டு வர்ற நோயும் இல்லை," என்று வார்டு மெம்பரிடம் மன்றாடினேன்.

"வேற வேறன்னு பேப்பர் வரட்டும் சார். அன்னிக்கே வுட்டுர்றோம்."

கன்னியம்மா என்னைச் சும்மா விடவில்லை. "காவாத் தண்ணியதான் குடிச்சிக்கினு கீறோம் சார். சீக்கிரம் பாத்து சொல்லுங்க."

எடுத்த குழாய்களோடு மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் மடியிலிருந்த பெட்டி சில்லிட்டது. திறந்தால் உள்ளே ஐஸ்! போலியோ சொட்டு மருந்துபோலக் கெட்டுவிடும் என்று மெம்பர் எனக்குத் தெரியாமல் நல்ல மனசோடு நிரப்பியிருக்கிறார். காலராக் கிருமிக்குக் குளிர் ஆகாது. போன் போட்டுச் சொல்ல இருளர் குடியிருப்பில் யாரிடமும் செல்போன் கிடையாது. பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்தேன். ஊருக்குள் மறுபடியும் எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன்.

"மறுபடியும் எடுக்கணுமா? அவருக்குத்தான் நர்சம்மா மாத்திர குடுத்துட்டாங்களே," என்றார் கன்னியம்மா.

"மாத்திரை உள்ளே போயிட்டா லேப்ல கிருமி வளராதும்மா. வேற யாருக்காவது...?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குடிசைக்குள் போய், துவண்டு கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இதுக்குக் கொஞ்ச நேரமா போய்க்கினே கீது சார்."

குழந்தையை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக, நிறுத்திவைத்திருந்த ஆட்டோவை நோக்கி ஓடினேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், மாத்திர குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க சார்!"