செல்வி அக்காவின் நம்பர்

செய்தி என் வலைப்பூவில்தான் வந்தது. செல்வி அக்காவைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே, நம் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவன் பின்னூட்டம் போட்டிருந்தான்: "ரத்னபுரி ஆஸ்பத்திரியில அக்கா செத்துப்போச்சுடா. காய்ச்சலாம்." மேலே என் தலைப்பு அப்படியே இருந்தது: "பெல்மதுளைக்குப் போனால் செல்வி அக்காவிடமே போங்கள்!!!" அந்த ஆச்சரியக்குறிகளைப் பார்க்கவே கூசியது.

பெல்மதுளையில் அவர் வேலை செய்த துணிக்கடையில் அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முன்பு எல்லாத் துணியையும் அக்காதான் எடுத்து விரிப்பார், மாதச் சம்பளம். பிறகு முதலாளி கீழ்த்தளம் முழுக்கத் தட்டுத் தட்டாக ராக்கை அடித்தார். தைத்த உடுப்பு, மலிவுச் சேலை எல்லாவற்றையும் நாமே எடுத்து கேஷியரிடம் போகலாம். மாடியில் மட்டும் வெட்டுத் துணியும் நல்ல சேலைகளும். அங்கே விற்ற கடைப் பிள்ளையின் நம்பரை பில் துண்டில் எழுதுவார்கள். சம்பளத்தைக் குறைத்து, நம்பருக்கு விழும் விற்பனைக்குக் கொமிஷன் என்றார்கள். கீழே எடுப்பதற்கு யாருடைய நம்பரும் இல்லை. எனக்கோ அந்த ராக்கைகள் பெரிய அதிசயம்! விலை ஒட்டியிருக்கிறது, யாரும் பின்னாலேயே நிற்பதில்லை!

போன தீபாவளி முற்பணம் கிடைத்ததும் அம்மாவோடு போனேன். கீழே ஒரு சிவப்புச் சட்டையை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினேன். நாம் எல்லோரும் செய்ததுதானே? கீழே எடுப்போம், மேலே அக்காவிடம் காட்டிக் கேட்போம்.

"திருப்பி வச்சிருங்க தம்பி. ஒரு தடவ அலசினா சாயம் பூரா அம்மா கையிலதான் இருக்கும்."

"அப்ப எத எடுக்கிறதுக்கா?"

"கீழ கடைசி ராக்கையில நீலம் இருக்கு. தோள் கொஞ்சம் பெருசு. பரவால்ல, நீங்களும் இன்னும் சாப்பிடணும்ல!"

அம்மாவுக்கு மேசை நிறையச் சேலை விரித்தார். அம்மா எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, கீழே போய் மலிவாக ஒன்று எடுத்தாள். பக்கத்தில் வேலை செய்த நில்மினிக்குப் பொறுக்கவில்லை. "பிஸ்ஸுத அக்கே, பைத்தியமா? எல்லாரையும் கீழ அனுப்புறீங்க. ராக்கையா உங்களுக்குச் சோறு போடும்?"

அக்கா மடித்துக்கொண்டே சொன்னார்: "உடுத்திக்கிட்டு கோயில்ல நிக்கப்போறது அவங்க. கேட்டா பொய்யா சொல்றது?"

அந்த வார்த்தையில் மயங்கிப்போய், இரத்தினபுரி நெட் கஃபேயில் உட்கார்ந்து எழுதித் தள்ளினேன். எவ்வளவு விரிக்கச் சொன்னாலும் விரிப்பார், வாங்காவிட்டாலும் முகம் சுளிக்கமாட்டார் என்றெல்லாம். நிவித்திகல பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெயர் சொல்லிக் கேட்டார்கள். விரிக்க வைத்தார்கள். கீழே போய் வாங்கினார்கள்.

பொங்கலுக்குப் பிறகு தோட்டத்து பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். மகளின் படிப்புக்காக டவுனில் அறை எடுத்திருந்தவர், வாடகை கட்ட முடியாமல் தோட்டத்து லய அறைக்கே திரும்பியிருந்தார்.

"நீங்க எழுதினதுல நல்ல கூட்டம் தம்பி. மொதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

"ஒங்களுக்கு?"

"நம்பர்தான் விழ மாட்டேங்குது." சிரித்தார். பக்கத்தில் மகள் மடியில் புத்தகத்தை விரித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாம்: அக்காவிடம் கேட்டால் மாடியிலேயே ஏதாவது வாங்குங்கள், நம்பர் எழுதச் சொல்லுங்கள் என்று. எழுதவில்லை. என் பதிவைப் புகழ்ந்து பின்னூட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அதில் போய் நம் பிழையை எழுத மனம் வரவில்லை.

சாவு வீட்டில் நில்மினியிடம் அக்காவின் நம்பர் என்னவென்று கேட்டேன். "நாலு," என்றாள்.

மறுவாரம் அந்த மாடிக்கு ஏறி, சட்டைத் துணி கேட்டேன். புதிதாக வந்த பிள்ளை விரித்துக் காட்டிவிட்டு, "கீழ ரெடிமேட் மலிவா இருக்குண்ணே," என்றது.

"வேணாம் தங்கச்சி. இதையே வெட்டுங்க. ஒங்க நம்பர் என்ன?"

துண்டில் நாலு என்று எழுதியது.

அந்தத் துணியை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. அக்காவால் எனக்கு மிஞ்சியது "ஒங்க நம்பர் என்ன?" என்ற அந்தக் கேள்விதான். இப்போது எந்தக் கடையிலும் வாய் தானாகக் கேட்கிறது. அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.