மணிக்குக் கட்டுப்பட்டவள்

கெல்டர்பி சந்தைத் திடலில் பெரிலின் காய்கறிக் கடையைப் படம் எடுக்காத பயணி கிடையாது, வாங்கியவர்கள்தான் குறைவு. பின்னால் பழைய கல்மண்டபம், முன்னால் முட்டைக்கோஸ், நடுவில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு கிழவி. ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அது போதும்.

“ஒரு படத்துக்கு ஒரு முட்டைக்கோஸ் வாங்கணும்னு சொல்லிடு பெரில். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்,” என்பான் பக்கத்துச் சீஸ் கடை கிளைவ்.

“உன் சீஸ் நாத்தத்துலதான் பாதிப் பேர் திரும்பி ஓடுறாங்க. நீ பேசாத.”

கல்யாணமான புதிதில் அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. அப்போதைய சந்தை அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: காலையில் சந்தை மணி அடிப்பதிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை கடைக்காரர் தானே நிற்க வேண்டும், ஒரு சந்தை நாள் தவறினாலும் இடம் வேறொருவருக்குப் போய்விடும். காய்ச்சலோடு நின்றாள். மகள் கேய்ல் கைக்குழந்தையாக இருந்தபோது ஆப்பிள் பெட்டியில் கிடத்திவிட்டு நின்றாள். விதி மாறியதா என்று பிறகு யாரிடமும் விசாரிக்கவில்லை. கெல்டர்பியில் சலுகை கேட்பது கேவலம். கேள்வி கேட்டாலே சலுகைக்கு அடிபோடுவதுபோல் ஆகிவிடும். இதை அவர்கள் தன்மானம் என்பார்கள். அதில் பாதி பயம்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து கேய்ல் கூப்பிட்டாள்.

“அப்பா உன்னையே கேக்குறாரும்மா. உடனே வரச் சொல்றாங்க.”

“சாயங்கால மணி அடிச்சதும் வந்துடறேன்.”

“ஒரு நாள் கடை இல்லேன்னா என்னம்மா?”

“இடமே போயிடும்டி. அப்புறம் அவர் தேறி வந்தா சாப்பாட்டுக்கு எங்க போறது?”

கிளைவிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. மாலையில் போனபோது கணவர் ஆர்னல்டின் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கேய்ல் அவளைக் கடந்து போனாள், முகம் பார்க்காமல்.

சனிக்கிழமையும் பெரில் நின்றாள். பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பெட்டிஃபர், குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு கூட்டத்தோடு அவள் கடைமுன் வந்து நின்றார்.

“இங்க ஒரு வேடிக்கையான விதி இருந்துச்சு. கடைக்காரர் ஒரு நாள் வரலேன்னா இடம் போச்சு! அப்பன் செத்தாலும் விடமாட்டாங்க. நல்லவேளை, அதை எடுத்து இருபது வருஷம் ஆச்சு.”

கூட்டம் சிரித்தது. யாரோ படம் எடுத்தார்கள்.

“நெசமா கிளைவ்?”

“பின்னே? நான் வருஷா வருஷம் ஸ்பெயினுக்கு எப்படிப் போறேனாம்? ஒரு போன் போட்டாப் போதும். ஏன், உனக்குத் தெரியாதா?”

அவன் இடம் காலியாகக் கிடந்ததை ஒவ்வொரு கோடையிலும் அவள் பார்த்திருக்கிறாள். வெட்கமில்லாமல் அதிகாரியிடம் சலுகை வாங்குகிறான் என்று மனதுக்குள் இகழ்ந்திருக்கிறாள். அந்த இகழ்ச்சியில் ஒரு சுகமும் இருந்தது.

மத்தியானம் கேய்ல் வந்தாள். அழுது வீங்கிய முகம்.

“உன்கூடப் பேசவே கூடாதுன்னு இருந்தேம்மா. அப்புறம் யோசிச்சேன். விதி அப்படின்னா நீ என்ன பண்ணுவ? வரணும்னுதான் உனக்கும் இருந்திருக்கும். உன்னால முடியல. அவ்வளவுதானே?”

பெரில் வாயைத் திறந்தாள். அதற்குள் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் குடை திரும்பவும் வந்தது. பின்னால் அடுத்த கூட்டம்.

“இங்க ஒரு வேடிக்கையான—” என்று பெட்டிஃபர் ஆரம்பித்தார்.

பெரில் மேலங்கியை உருவித் தராசின்மேல் எறிந்தாள். மகளின் கையைப் பிடித்தாள்.

“வா, டீ குடிக்கலாம்.”

“கடை?”

“கெடக்கட்டும். நட.”

கேய்லின் கண்கள் நிறைந்தன. “எனக்காகவாம்மா கடையை விட்டுட்டு வர்ற?”

“ஆமா,” என்றாள் பெரில், அவளை இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு.