ஓடிலோன் வரைந்த தலைகீழ் மரம்

எங்கள் ஊர் சிக்கூட்டிமியில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். பதில் தெரியாமல் விழிப்பவர்களை ஓடிலோன் பொத்வானிடம் அனுப்புவோம். அலுமினிய ஆலையில் முப்பத்தொரு வருடம் உலை பார்த்தவர். தேவாலயத்துக் கல்யாணப் பதிவேடுகளைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். கல்யாணத்துக்கு முன் ஜோடிகள் அவரிடம் போய், தங்களுக்குள் நெருங்கிய உறவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். எனக்கும் என் மனைவிக்கும் ஆறாம் தலைமுறையில் ஒரே பாட்டன் என்று கண்டுபிடித்து, "பயப்படாதே, அவன் அதிகம் குடிக்கலே" என்றார்.

அவர் மகள் மோட், யானிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் பரம்பரைக் கோளாறு ஒன்று இருக்கிறதா என்று எச்சிலை எடுத்துப் பார்க்கும் இலவசச் சோதனையைப் பற்றியும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் இருபது சொச்சம் பேரில் ஒருவர் அந்தக் கோளாறைத் தெரியாமலே சுமக்கிறார். அப்பா, அம்மா இருவருமே சுமந்தால், நாலில் ஒரு பிள்ளைக்கு உடம்பு தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கத் திணறும். முதலில் பட்டினி கிடப்பது மூளை.

"எச்சில் துப்பறதெல்லாம் பாட்டன் பேரு தெரியாதவங்களுக்கு," என்றார் ஓடிலோன். "ஒம்போது தலைமுறை பார்த்துட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்லே, உறவும் இல்லே."

"ஒரு நிமிஷ வேலைப்பா."

"நான் நாலு மாசம் உக்காந்து பார்த்திருக்கேன். எது பெரிசு?"

யானிக் சிரித்தான். "துப்பாம இருந்தா பொண்ணு தருவீங்கன்னா, நான் இனிமே துப்பவே மாட்டேன் மாமா."

துப்பாமலே கல்யாணம் நடந்தது. லியோனி பிறந்தாள். நடை தாமதமானது, வாய் தாமதமாகவில்லை. பதினான்காம் மாதத்தில் நோயின் பெயர் தெரிந்தது. ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு கண்டம், ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து, வம்சம் பார்த்தவர் வாசல் பார்த்தார். புத்தாண்டுக் காலையில் எல்லோரும் எல்லோரையும் கன்னத்தில் முத்தமிடும் ஊரில், கதவைப் பாதி திறந்து, "எங்கே, மூச்சை இழுத்து விடு" என்பார். பாதிரியாரையே திருப்பி அனுப்பினார். "தாத்தா, அவரு இருமலே, சிரிச்சாரு," என்று ஜன்னலிலிருந்து சாட்சி சொன்னாள் லியோனி.

நாலரை வயதில், மார்ச் மாதம், ஒரு சாதாரணச் சளி. யார் கொண்டுவந்தது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் மூச்சு இரைத்தது. மூன்றாம் நாள் எழுப்பியும் எழவில்லை. நான்காம் நாள் மதியம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

"எங்கேருந்துப்பா வந்தது?" என்று மட்டும் மோட் கேட்டாள்.

அவர் மறுபடி பதிவேடுகளோடு உட்கார்ந்தார். பதினொன்றாம் தலைமுறையில், மோட் வழியும் யானிக் வழியும் ஒரே தம்பதியிடம் போய் முட்டின. அவர்கள் யாரென்று தேடவே வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வம்ச மரத்தின் உச்சியில், அவரே பொன் மையில் எழுதிவைத்த தம்பதிதான். ஊரில் பாதிப் பேருக்கு அவர்களே ஆதி. நோயைக் கொண்டுவந்தது அவர்களா, வேறு யாராவதா? பதிவேடுகளில் அதையெல்லாம் எழுதுவதில்லை.

இப்போதும் ஜோடிகள் வருகிறார்கள். "முதல்லே போய்த் துப்பிட்டு வாங்க," என்கிறார்.

அந்த மரத்தை எடுத்துவிடச் சொன்னாள் மோட். ஆணியிலிருந்து இறக்கினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ஏம்பா?"

"கடைசி வரியிலே அவ பேரு இருக்கும்மா."