சிரித்தால் விழுகிறவன்

என் அக்காவை எங்கள் தாய்மாமாவுக்கே கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் சனத்தில் அதுதான் வழக்கம். அவர்கள் மகனுக்கு அப்போது எட்டு வயது. எனக்குப் பதினொன்று. அவன் என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். எனக்கு அதில் பெரிய பெருமை.

அவன் சிரித்தால் விழுவான். வலிப்பு இல்லை. சிரிப்பு முற்றியதும் முழங்கால் மடங்கும், தலை தொங்கும், தொப்பென்று விழுவான். கண் திறந்தே இருக்கும். பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிடுவான். இன்னொன்று, கண்ணைக் கீழே இறக்க அவனுக்கு வராது. தட்டைப் பார்க்கத் தலையையே குனிவான்.

மதுரைக்குக் கூட்டிப் போனோம். நரம்புக்குள் கொழுப்பு சேருகிறது என்றார் டாக்டர். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அக்காவிடமும் மாமாவிடமும் வெகுநேரம் பேசினார். கொழுப்பு என்றதும் அம்மா அவன் சோற்றில் நெய்யை நிறுத்தினாள். ஆளோ விறகுக்குச்சி. அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏட்டி, அவன் முன்னால இளிச்சேன்னா தோலை உரிச்சிருவேன்."

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. போயே தீர வேண்டும் என்று அவன் சோறு தின்னாமல் கிடந்தான்.

"கூட்டத்துல விழுந்தா மிதிச்சிருவாங்க மக்கா" என்றாள் அக்கா.

"சிரிக்க மாட்டாம்க்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

இரண்டு நாள் பழக்கினேன். நான் கோணல் மூஞ்சி காட்டுவேன், அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். தேறிவிட்டான். அக்கா அரைமனதாக விட்டாள்.

அம்மன் சப்பரம் வந்ததும் கரிசக்காட்டுச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த வெள்ளாமையை அதன்மேல் வீசினார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், சோளம். எங்கள் முன்னால் ஒரு பெரிய மீசைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒரு பருத்திச் சுளை நேராக அந்த வாய்க்குள் போனது. அவர் இருமினார். மீசையெல்லாம் பஞ்சு.

நான்தான் முதலில் சிரித்தேன். அவன் விழுந்தான்.

எனக்கு உயிர் போய்விட்டது. அவன்மேல் குப்புற விழுந்து மறைத்தேன். அதற்குள் மீசைக்காரர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டார். இமைக்காத கண்.

"ஏலே தள்ளுங்கலே! சின்னப் பிள்ளைக்குச் சாமி வந்திருக்கு!"

கூட்டம் விலகி வட்டம் கட்டியது. அவன் நெற்றியில் துண்ணூறு பூசினார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எய்யா, மழை உண்டுமாய்யா?" மீசைக்காரர் கைகூப்பிக் கேட்டார். மீசையில் இன்னும் பஞ்சு இருந்தது. அவன் அதைப் பார்த்தான். மறுபடியும் சாய்ந்தான்.

"உத்தரவாயிருச்சு வே!" என்று கூட்டம் குலவை போட்டது.

"சாமிக்கு என்ன வேணும்?"

"ஒரு கலர்" என்றான். என்னைப் பார்த்துவிட்டு, "சித்திக்கு ஒண்ணு" என்றான்.

கலர் சோடா வந்தது, குடித்தோம். மீசைக்காரர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். கீழே பார்க்கத் தேவையில்லாத உயரம். தபசுக்காட்சியை ஊரிலேயே அவன்தான் நன்றாகப் பார்த்தான்.

பின்னாளில் என் மகனுக்கு அண்ணன் மகளைப் பேசினார்கள். சொந்தத்தில் கட்டினால் அந்த நோய் வருமோ என்று எனக்குப் பயம். ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவன் நரம்பில் சேர்ந்தது நெய்க் கொழுப்பு இல்லையாம். ஒவ்வொரு நரம்பு செல்லும் ஸ்பிங்கோலிப்பிடு என்று ஒரு கொழுப்பைத் தானே செய்துகொள்ளுமாம். பழசை உடைத்து வெளியே தள்ளுமாம். செய்கிறதும் தள்ளுகிறதும் அளவாக இருக்கிறவரை நரம்பு பிழைக்கும். அவனுக்குத் தள்ளுகிற வேலை நடக்கவில்லை. தேங்கித் தேங்கி நரம்பு செத்தது. முதலில் நடை போகும், பிறகு பேச்சு, கடைசியில் சிரிப்பும். இதையெல்லாம் மதுரையிலேயே அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவனே உளறிவிட்டான். நான் அடிக்குத் தயாராக நின்றேன். அக்கா அடிக்கவில்லை. அவனை மடியில் இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"மீசை என்ன செஞ்சுது? திருப்பிச் சொல்லு மக்கா."

சொன்னான். சிரித்தான். துணி மாதிரி தொய்ந்தான். விழவில்லை. அவளும் சிரித்தாள். "இன்னொருக்கச் சொல்லு" என்றாள்.

வருடமெல்லாம் சிரிக்காதே என்றவள், விளக்கு வைத்த பிறகும் விடாமல் அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.