மங்களாவுக்கு வாசம் தெரியாத நாள்

கிள்ளான் மருத்துவமனையிலிருந்து மங்களாவின் தங்கை போன் செய்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். "அக்கா போயிட்டாங்க" என்றாள். பச்சை விழுந்தும் என் கார் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

வைன் இறக்குமதி செய்யும் எங்கள் கம்பெனியில், வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பாட்டில்களைச் சோதிப்பது எங்கள் இருவரின் வேலை. அவள் முகர்வாள், நான் தலையாட்டுவேன் என்பதுதான் உண்மை. கோபமும் அவளுக்கு அதே மூக்கின் மேல்தான் இருக்கும். நான் சென்ட் அடித்துக்கொண்டு வந்த நாளில் மதியம்வரை என்னோடு பேசவில்லை.

ஒருமுறை, ஒரே பெட்டியில் வந்த வெள்ளை வைன் பாட்டிலுக்குப் பாட்டில் வேறு ருசியாக இருப்பதாக ஓர் உணவகம் புகார் செய்தது. லோரி ஓட்டும் செல்வம் அண்ணன் பெட்டிகளை வெயிலில் போட்டுவிட்டார் என்று மேலாளர் முடிவே கட்டியிருந்தார். சூட்டில் கெட்டது என்று மங்களா சொன்னால் அண்ணனுக்கு வேலை போய்விடும். பாட்டிலை அடைக்கும் கார்க் சரியில்லை என்றால் தப்பித்துவிடுவார். கார்க் என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் கிளாஸை முகர்ந்தாள். கீழே வைத்தாள்.

"பாஸ், காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசமே தெரியல. இப்ப நான் எது சொன்னாலும் பொய்."

மூக்கை நம்பிப் பிழைத்தவள், அது போய்விட்டதைச் சபையில் தானே சொல்லிவிட்டாள். பிறகு கிளாஸை என் பக்கம் தள்ளி, ஈர அட்டை வாசமா, நறுக்கி வைத்துக் கருத்த ஆப்பிள் வாசமா என்று கேட்டாள். நான் முகர்ந்தேன். முதல் பாட்டிலில் ஈர அட்டை. அடுத்தது நல்ல வைன். அதற்கடுத்ததில் மறுபடி ஈர அட்டை. வெயில் பட்டிருந்தால் பெட்டி முழுக்கக் கெட்டிருக்கும், இப்படி ஒன்று விட்டு ஒன்று கெடாது, சூட்டில் கெட்டால் கருத்த ஆப்பிள் வாசம் வரும், ஈர அட்டை வாசம் கார்க்கின் குற்றம் என்று அவள் மேலாளருக்கு விளக்கினாள். மறுநாளும் அண்ணன்தான் லோரி எடுத்தார்.

கார்க் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உன் குறையும் வெளியே வந்திருக்காதே என்று அன்று மாலை அவளைத் திட்டினேன்.

"அப்புறம் இன்னொரு நாள் நெஜமாவே கார்க்கு கெட்டிருந்தா, நான் சொல்றத யாரு நம்புவா லா?" என்றாள்.

வாசம் அவளுக்குத் திரும்பவேயில்லை. மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பவுமில்லை. நான் முகர்ந்தேன், அவள் கேள்வி கேட்டாள். எங்கள் நட்பு நெருக்கமானது அந்த நாட்களில்தான்.

இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவளை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவளுடையது ஏதாவது இருக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் துணிச்சலை நான் எடுத்துக்கொண்டேன். இதுவரை அது வேலைக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. நாளை ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு நான் யார் பக்கம் திரும்புவேன், மங்களா? எனக்குத் தெரியவில்லை.